விசாலம் மாமிக்கு நான் ஏன் கொள்ளி வைக்கவில்லை

ரகு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. வழக்கமாக ஆபீஸ், மெஸ் சாப்பாடு, டில்லிக் குளிர் என்று இரண்டு பக்கம் எழுதுகிறவன் இந்த முறை நான்கே வரியில் நிறுத்திவிட்டாய். விசாலம் மாமிக்குக் கொள்ளி வைக்க நான் மாட்டேன் என்று சொல்லிவிட்டேனாமே, அது நிஜமா என்று கேட்டிருக்கிறாய். நம் மாட்டுங்கா பில்டிங்கில் யார் உனக்கு எழுதினார்கள் என்று நான் விசாரிக்கப்போவதில்லை. நிஜம்தான். எல்லாரும் என்னைத்தான் முன்னால் தள்ளினார்கள். நான் பின்னால் நகர்ந்து நின்றுகொண்டேன். செம்பூரிலிருந்து வந்திருந்த மாமியின் அக்கா பிள்ளை சேது வைத்தான். முப்பது வருஷம் அவள் கையால் காப்பி குடித்தவன் கடைசியில் இப்படிச் செய்தானே என்று மாடிப்படியில் என் காதுபடவே பேசினார்கள். உன் அம்மாவும் இரண்டு நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. நீ கோபப்படுவதற்கு எல்லாரையும்விட உனக்கு உரிமை அதிகம். உனக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். இந்தக் கடிதத்தை யார் உதவியும் இல்லாமல் நீ படிப்பது அவளால்தான். அதனால் உனக்கு முழுப் பதிலும் தருகிறேன். அது கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படி. ஆரம்பத்தில் சில இடங்களில் உனக்குச் சிரிப்புகூட வரும். சிரிப்பதில் தப்பில்லை, நாங்களும் சிரித்தோம்.

மாமிக்கு ஒரே பிள்ளை இருந்தான், சின்ன வயதிலேயே போய்விட்டான் என்று மட்டும் உனக்குத் தெரியும். அவன் பெயர் சபேசன். அவனும் நானும் கிட்டுவும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு. கிட்டு அடுத்த தெரு. சபேசன் எங்கள் தலைக்கு மேலே, இரண்டாவது மாடியில், மாமி கடைசிவரை இருந்த அதே வீட்டில். அப்போது யுத்த காலம். ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டியிருக்கும், அரிசிக்கு ரேஷன், ரயில் வண்டிகளில் கூட்டம் கூட்டமாகச் சிப்பாய்கள். அந்த நாட்களில் மே மாதம் பரீட்சை முடிந்ததும் எங்களை எங்காவது மூன்று நாள் போய்வர விட்டதற்கு ஒரே காரணம் சபேசன். யாராலும் அவனிடம் இல்லை என்று சொல்ல முடியாது. அழகன் இல்லை, ஒல்லியாய், காது விடைத்து, மூக்குக்கண்ணாடி போட்டிருப்பான். ஆனால் அவன் பேச ஆரம்பித்தால் என் அப்பாகூட பேப்பரை மடித்து வைத்துவிடுவார்.

முதல் வருஷம் வசாய் போனோம். கோட்டையைப் பார்க்கப் போவதாகச் சொன்னோமே தவிர, பெற்றோர் இல்லாமல் ரயில் ஏறுவதுதான் எங்களுக்குப் பெரிய காரியம். மாமி தன் பங்கு ரேஷன் அரிசியில் வாரக்கணக்காக மிச்சம் பிடித்து, நான்கடுக்குப் பித்தளைக் காரியரில் புளியோதரை அமுக்கி அமுக்கிக் கொடுத்தாள். நாலு மைல் நடந்து கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது நாக்கு வறண்டுவிட்டது. ஒரு கிணற்றடியில் ஒரு மராட்டிப் பாட்டி குடத்தில் தண்ணீர் இழுத்துக்கொண்டிருந்தாள். கிட்டுவுக்கு மராட்டி தண்ணீர் பட்ட பாடு என்று அவனே சொல்லிக்கொள்வான். வெறும் தண்ணீர் எதற்கு, மோரே வாங்கித் தருகிறேன் என்று முன்னால் போனான். மராட்டியில் மோருக்குத் 'தாக்'. இவன் அந்தப் பாட்டி எதிரில் கை ஏந்தி உட்கார்ந்துகொண்டு, 'டாக், டாக்' என்றான். 'டாக்' என்றால் போடு, கொட்டு என்று அர்த்தம். பாட்டி இவனை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். சரி, வெயிலுக்குக் கேட்கிறான் போலிருக்கிறது என்று நினைத்தாளோ என்னவோ, குடத்தை அப்படியே அவன் தலையில் கவிழ்த்துவிட்டாள். சபேசன் மண்ணில் விழுந்து உருண்டான். அதோடு விடவில்லை. பாட்டியிடம் போய், பாதி ஹிந்தியும் பாதி ஜாடையுமாக, எங்கள் ஊரில் பெரியவர்கள் இப்படித்தான் ஆசீர்வாதம் பண்ணுவார்கள், எனக்கும் ஒரு குடம் வேண்டும் என்று குனிந்து நின்றான். அன்று முதல் கிட்டுவுக்கு டாக் என்றே பெயர்.

மறு வருஷம் மாத்தேரான். நேரலில் இறங்கினால் மலைமேல் போகச் சின்ன ரயில் உண்டு. நாங்கள் அதில் ஏறவில்லை. தண்டவாளத்தை ஒட்டியே நடந்து ஏறினோம். பாதி வழியில் ஒரு ஊற்றில் குளித்துவிட்டு, சபேசன் தன் வேஷ்டியைத் தண்டவாளத்துக்குப் பக்கத்துப் புதரில் விரித்துக் காயப்போட்டான். வளைவில் ரயில் வந்தது. எஞ்சினின் எந்தக் கொக்கியில் எப்படி மாட்டிக்கொண்டதோ, வேஷ்டி கொடி மாதிரிப் பறந்துகொண்டு மலையேறிப் போய்விட்டது. அவன் இடுப்பில் ஈரிழைத் துண்டோடு அத்தனை தூரமும் நடந்து வந்தான். மேலே ஸ்டேஷனில் மாஸ்டர் ஒரு வயதான பார்ஸி. வேஷ்டி அவர் மேஜைமேல் மடித்து வைத்திருந்தது. ஆனால் சும்மா தரமாட்டார். தொலைந்த பொருளுக்கு விண்ணப்பம் எழுதச் சொன்னார். எழுதினான். உங்களுடையதுதான் என்பதற்கு அடையாளம் என்ன என்று கேட்டார். சபேசன் துண்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு, மிகவும் மரியாதையாக, "சாம்பார்க் கறை, ஸார்" என்றான். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேஷ்டியைப் பிரித்து, கறையைக் கண்டுபிடித்து, அதையும் ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்ட பிறகுதான் கொடுத்தார். அந்த மூன்று நாளும் ஒரு தர்மசாலைத் தாழ்வாரத்தில் படுத்திருந்தோம். என் வாழ்க்கையில் அதற்கு முன்னும் பின்னும் நான் அவ்வளவு சிரித்ததில்லை. இதை ஒரு அழகுக்காக எழுதவில்லை. யோசித்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

யுத்தம் முடிந்து அதற்கடுத்த மே மாதம். எங்களுக்குப் பதினெட்டு வயது. மறுபடியும் மாத்தேரானே போகலாம் என்று சபேசன்தான் சொன்னான். புறப்படுவதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு நாள் மத்தியானம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பரேல் பக்கம் ஒரு ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வருகிறாயா என்றான். கொஞ்ச நாளாக மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ஒரு தரம் கண் இருட்டிக்கொண்டு வந்தது என்றான். டாக்டர் குழாயை அவன் நெஞ்சில் வைத்து வெகு நேரம் கேட்டார். சின்ன வயதில் மூட்டெல்லாம் வீங்கி ஜுரம் வந்ததா என்று கேட்டார். வந்தது என்றான். அப்போதே இருதயத்தில் வால்வு கெட்டுப்போயிருக்கிறது, ஓடக்கூடாது, சுமக்கக்கூடாது, மேடு ஏறவே கூடாது, நாளைக்கே அப்பாவை அழைத்துக்கொண்டு வா என்றார். ரகு, நான் அந்த அறையில்தான் இருந்தேன். அவன் சொல்லி நான் கேட்டதில்லை. டாக்டர் வாயிலிருந்தே கேட்டேன்.

திரும்பி வரும்போது டிராமில் அவன் சொன்னான்: "அம்மாட்டே சொன்னா என்னை ஆத்தை விட்டு வெளியிலேயே விடமாட்டா. மாத்தேரான் போயிட்டு வந்துடறேன். வந்ததும் நானே சொல்றேன். நீ வாயைத் திறக்கப்படாது."

நான் சரி என்றேன். சிநேகிதனுக்குக் கொடுத்த வாக்கு என்று இத்தனை வருஷமாக எனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது பாதிதான். மற்ற பாதி, எனக்கு அந்தப் பயணம் வேண்டியிருந்தது. அவன் இல்லாவிட்டால் பயணமே இல்லை. வருஷம் பூராவும் நான் காத்திருந்த மூன்று நாள் அது. டாக்டர் சொன்னதை வீட்டு வாசல் வருவதற்குள் கொஞ்சம் கொஞ்சமாகச் சின்னதாக்கிக்கொண்டேன். டாக்டர்கள் அப்படித்தான் பயமுறுத்துவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். புறப்படும் நாள் காலையில் மாமி அதே காரியரை நிரப்பி அவன் கையில் கொடுத்தபோது, நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

நேரலில் இறங்கியதும் சபேசன் அந்தச் சின்ன ரயிலையே பார்த்துக்கொண்டு நின்றான். "இந்தத் தடவை இதுலே போகலாமாடா?" என்றான். சாதாரணமாகத்தான் கேட்டான். கிட்டுவுக்கு ஒன்றும் தெரியாது. "என்ன தாத்தா, முட்டி வலிக்கறதா? கைத்தடி வாங்கித் தரட்டுமா?" என்றான். அந்த நேரத்தில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எனக்குக் கால் வலிக்கிறது என்று ஒரு பொய் சொல்லியிருந்தால்கூடப் போதும். சபேசன் என்னைப் பார்த்தான். நான் கிட்டுவோடு சேர்ந்து சிரித்தேன். அவனும் உடனே சிரித்துவிட்டு, காரியரைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். வழியில் இரண்டு தடவை அதைக் கொடு என்று கேட்டேன். எங்காத்துப் புளியோதரை, நீ தின்னுடுவே என்று கொடுக்க மறுத்தான். நானும் பிடுங்கவில்லை.

பாதிக்கு மேல் ஏறிவிட்டோம். பழைய ஊற்றைத் தாண்டி ஒரு வளைவில், இங்கேதான் என் வேஷ்டி ரயிலேறிப் போச்சு என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. முகம் வெளுத்து உதடு நீலமாகிவிட்டது. மூச்சை இழுத்து இழுத்து விட்டான். வாயோரம் நுரை வந்தது, அதில் சிவப்பு இருந்தது. கிட்டு உதவிக்கு ஆள் தேடி மேலே ஓடினான். நான் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். அவனால் பேச முடியவில்லை. என் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான். கிட்டு நான்கு சுமைகூலிகளோடு இறங்கி வந்தபோது அந்தப் பிடி தளர்ந்து ரொம்ப நேரம் ஆகியிருந்தது. மேலே கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள், இருதயம் நின்றுவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். எந்த ரயிலில் ஏறலாமா என்று காலையில் கேட்டானோ, அதே ரயிலில், கடைசிப் பெட்டியில், அவனைக் கீழே இறக்கினோம். அந்தப் பார்ஸி ஸ்டேஷன் மாஸ்டர் துணியை விலக்கி முகத்தைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துகொண்டார். தொப்பியைக் கழற்றிவிட்டு ரயில் கிளம்பும்வரை அப்படியே நின்றார்.

ராத்திரி ஒரு லாரியில் மாட்டுங்கா வந்து சேர்ந்தோம். அந்த வாசலில் நடந்ததையெல்லாம் எழுத எனக்குத் தெம்பு இல்லை. ஒன்றை மட்டும் எழுதியாக வேண்டும். எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் மாமி என்னைக் கூப்பிட்டாள். அவள் எதிரில் காரியர் இருந்தது.

"உடம்பு முடியலேன்னு உங்கிட்டே ஏதாவது சொன்னானா?"

"இல்லே மாமி. ஒண்ணும் சொல்லலே. நன்னாத்தான் இருந்தான்."

"இதை யார் தூக்கிண்டு ஏறினா?"

"அவன்தான்."

அவள் அந்தக் காரியரைத் தொட்டுப் பார்த்தாள். "அப்போ நான்தான் கொன்னுட்டேன்," என்றாள். "அத்தனை கனத்தைக் கொடுத்து அனுப்பி, நானே கொன்னுட்டேன்."

நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சும்மா நின்றேன். பிறகு படியிறங்கி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு மாமி யாருக்கும் வழிக்குச் சாப்பாடு கட்டிக் கொடுத்ததில்லை. நீ டில்லிக்குப் புறப்பட்ட அன்று பில்டிங்கில் ஆளாளுக்கு இட்லியும் தயிர்சாதமும் கொண்டுவந்து கொடுக்க, மாமி மட்டும் வெறுங்கையோடு வந்து உன் தலையைத் தொட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். ஸ்டேஷனில் நீ வருத்தப்பட்டாய். எனக்குக் காரணம் தெரியும். நான் உன் பெட்டியைச் சரிபார்க்கிற மாதிரிக் குனிந்துகொண்டேன். ஒன்பதாவதில் பள்ளிக்கூடத்தில் அஜந்தா அழைத்துப் போனபோது உன்னை அனுப்பவில்லை. பேர் கொடுத்த பையன்கள் அதிகமாகிவிட்டார்கள், உனக்கு இடம் இல்லை என்று வாத்தியார் சொன்னதாக உன்னிடம் சொன்னேன். வாத்தியார் அப்படிச் சொல்லவே இல்லை. நீ வீடு திரும்பும்வரை வாசலில் நிற்க எனக்குத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

கிட்டு என்ன ஆனான் என்று கேட்பாய். தான் தாத்தா என்று கேலி செய்ததால்தான் சபேசன் வீம்புக்கு நடந்தான் என்று அவன் நினைத்துக்கொண்டான். அம்பர்நாத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை தேடிக்கொண்டு போனவன், மாட்டுங்கா பக்கம் திரும்பவே இல்லை. அவனுக்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பொய்யை இரண்டு பேர் தலையில் வைத்துவிட்டு நான் ஆபீஸ் போனேன், கல்யாணம் செய்துகொண்டேன், உன்னைப் பெற்றேன்.

சில வருஷத்தில் சபேசனின் அப்பாவும் போய்விட, மாமி தனியாளானாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் மேலே போய் உட்காருவேன். நீ அதைப் பெரிய பாசம் என்று நினைத்திருப்பாய். முதலில் பயத்தில்தான் போனேன், அவளுக்கு ஏதாவது தெரிந்துவிட்டதா என்று பார்க்க. ஒரு நாள் அவளே கேட்டாள். அவனைப் பற்றி யாரும் எங்கிட்டே பேசமாட்டேங்கறாளே, அங்கெல்லாம் போய் என்னடா பண்ணுவேள் மூணு பேரும் என்றாள். நான் வசாய்க் கிணற்றடியைச் சொன்னேன். அவன் போன பிறகு அவள் சிரித்தது அன்றுதான். மறு வாரம் வேஷ்டிக் கதை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அதன்பின் எத்தனை ஞாயிறு, எத்தனை தடவை சொன்னேன் என்று கணக்கே இல்லை. நான் ஏதாவது விட்டுவிட்டால் அவளே திருத்துவாள். துண்டு என்றால் ஈரிழைத் துண்டு என்பாள். மூன்றாவது வருஷத்தை அவளும் கேட்கமாட்டாள், நானும் அதற்கு முன்பே எழுந்துவிடுவேன். அவளைச் சிரிக்க வைக்கிறேனே, அதுவே பிராயச்சித்தம் என்று நினைக்கத் தொடங்கினேன். நாளாக ஆக அதில் எனக்கு ஒரு பெருமைகூட வந்துவிட்டது.

இந்தத் தடவை ஜுரத்தில் படுத்தவள் தேறமாட்டாள் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது. என்னைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். கையைப் பிடித்துக்கொண்டு, "சேது நல்லவன்தான். ஆனா நேக்குக் கொள்ளி நீதான் வைக்கணும். சபேசன் இருந்து செய்ய வேண்டியதை நீதான் இத்தனை வருஷமா செஞ்சிண்டிருக்கே," என்றாள்.

அதைத் தாங்க முடியவில்லை, ரகு. மற்ற எதையும் தாங்கினவன்தான். ஆஸ்பத்திரி, டாக்டர், டிராம், நேரல் ஸ்டேஷன் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். கூரையையே பார்த்துக்கொண்டு கேட்டவள், முடித்ததும் என் பக்கம் திரும்பினாள்.

"அப்பவே தெரியுமா நோக்கு?"

"தெரியும் மாமி."

"முப்பது வருஷம்டா," என்றாள். அதில் கோபம்கூட இல்லை. பிறகு, கையை விடுவித்துக்கொண்டு, "சேதுவே வைக்கட்டும். நீ ஆத்துக்குப் போ," என்றாள்.

அடுத்த இரண்டு நாளும் போனேன். நான் உள்ளே வரும்போதெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டாள். மூன்றாம் நாள் விடிகாலையில் போய்விட்டாள். சேது வைக்கட்டும் என்றதையும் அதன் காரணத்தையும் அவள் வேறு யாரிடமும் சொல்லவில்லை. அது என்மேல் வைத்த தயவா, இல்லை என் பேச்சை எடுக்கவே பிடிக்கவில்லையா, எனக்குத் தெரியாது. எல்லாரும் என்னை முன்னால் தள்ளியபோது அவள் சொன்னதை மட்டும் மீறாமல் பின்னால் நகர்ந்தேன். அவளுக்கு நான் கீழ்ப்படிந்தது அது ஒன்றில்தான்.

மன்னித்தாளா என்று கேட்காதே. மன்னிக்கவில்லை. கேட்க எனக்கு வாயும் எழவில்லை. ஒரு உண்மையைச் சொல்லிவிட்டால் நெஞ்சு லேசாகும் என்று சொல்வார்கள். என் விஷயத்தில் ஆகவில்லை. சாகக் கிடந்தவளின் கையில் மிச்சம் இருந்த ஒரு பிள்ளையையும் பிடுங்கிக்கொண்டு வந்த மாதிரிதான் இருக்கிறது. சொல்லாமல் விட்டிருக்கலாமோ என்றும் இரவும் பகலும் யோசிக்கிறேன். அப்புறம், தன் கையால் பிள்ளையைக் கொன்றதாக நினைத்துக்கொண்டே அவள் போயிருப்பாளே என்று நினைப்பு வருகிறது. எது சரி என்று உனக்குச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன். சொல்ல வேண்டியதை அந்த மூன்றாம் நாளே, மாடிப்படி இறங்குவதற்குள் சொல்லிவிடு. அன்று சொல்லியிருந்தால் அவள் என்னை அடித்திருப்பாள், வீட்டுக்குள் விடாமல் இருந்திருப்பாள். ஆனால் தன்னையே வெறுத்திருக்கமாட்டாள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அம்பர்நாத் போகிறேன். கிட்டு இன்னும் அங்கேதான் இருக்கிறான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். கதவைத் திறப்பானா தெரியாது.

இதுவரை எழுதியதை நேற்று மத்தியானம் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கல்யாணமான நாளாக அவளுக்கும் சொன்னதில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தாமல் கேட்டாள். பிறகு, "அந்தப் பிள்ளைக்கு அப்போ பதினெட்டு வயசா?" என்றாள். ஆமாம் என்றேன். "உங்களுக்கும் பதினெட்டுதானே," என்று சொல்லிவிட்டுக் கீரையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவள் எனக்காகச் சொன்னாள், அது எனக்குப் புரிகிறது. நீயும் ஒருவேளை அதையே எழுதுவாய். எழுதாதே. பதினெட்டு வயதில் எனக்குத் தைரியம் இல்லை, அது சரி. அதற்குப் பிறகு எனக்கு இருபத்தைந்து வயதாயிற்று, நாற்பது வயதாயிற்று. அப்போதெல்லாம் அவள் என் தலைக்கு மேலே, பதினாறு படி தூரத்தில்தான் இருந்தாள்.

அப்பா